பால் காய்ச்சாத வீடு

சேரன்மகாதேவி
14.6.93

அன்புள்ள அத்தானுக்கு,

நான் வரத் தயங்குவது தண்ணீருக்குப் பயந்து அல்ல. ஆற்றங்கரையில் பிறந்தவளுக்குத் தண்ணீர் என்ன பயம்? போன நவம்பர் வெள்ளத்தில் ஆறு எங்கள் தெருமுனை வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. அப்போதும் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டுதான் இருந்தேன்.

நான் யோசிப்பது வேறு. உங்கள் கடிதத்தில் வீடு இருக்கிறது. மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் கடற்கழி. ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் பம்பாய். பம்பாயில் ஒற்றை அறை கிடைக்கும் விலைக்கு இரண்டு அறையும் சமையலறையும். எல்லாம் இருக்கிறது. அந்த வீட்டில் நான் இல்லை. நீங்கள் அலுவலகம் போனபின் நான் அங்கே நின்றுகொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன். நிற்கிறேன். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு செய்தி. இந்த மாதத்தோடு என் தகுதிகாண் பருவம் முடிந்தது. இனி நான் தாவரவியல் துறையில் நிரந்தர விரிவுரையாளர். மூன்று வருடம் காத்திருந்த தாள். வாசித்துவிட்டு மடித்து வைத்தேன். யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை.

மாமா சனிக்கிழமை டவுனிலிருந்து வந்திருந்தார்கள். காப்பி குடித்துவிட்டு, போகிற போக்கில், "சித்ரா, அந்தக் காயிதம் பத்திரமா இருக்கு. குமரு சாவிய வாங்கட்டும், ஒரு தேதியப் போட்டுருவோம்" என்றார்கள். நம் கல்யாணத்துக்கு முன், நிச்சயதாம்பூலத்தன்று, தேதி போடாமல் நான் கையெழுத்திட்டுத் தட்டில் வைத்துக் கொடுத்த ராஜினாமாக் கடிதம். பம்பாயில் சொந்த வீடு அமைந்ததும் வேலையை விடுவேன் என்பதற்கு அதுதான் வாக்கு. நம் இரண்டு ஜாதகங்களோடு மாமாவின் பீரோவில் இருக்கிறது. அன்று எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது.

அம்மா உங்கள் பக்கம். "போயேன்ளா. இங்கன இருந்து என்னத்தக் காக்கே?" என்கிறாள்.

கரையோரம் என்ன முளைத்திருக்கிறது? பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
சித்ரா

◆

பம்பாய்
24.6.93

அன்புள்ள சித்ராவுக்கு,

உன் செய்தி மகிழ்ச்சி. ஆனால் விடப்போகிற வேலையில் நிரந்தரம் என்ன, தற்காலிகம் என்ன?

வாஷி உனக்குப் பிடிக்கும். சாலைகள் அகலம். மரங்களுக்கு இன்னும் கம்பு கட்டி வைத்திருக்கிறார்கள். ரயில் அங்கிருந்தே கிளம்புவதால் உட்கார இடம் கிடைக்கும். பம்பாயில் இருபது வருடமாக வேலை பார்க்கிறவர்கள் உட்கார்ந்து போனதில்லை. யாருக்கும் யாரையும் தெரியாது. அது ஒரு நிம்மதி. நம் சம்பளத்தில் தண்ணீரைப் பார்த்த வீடு பம்பாய்க்குள் ஏழு ஜன்மத்துக்கும் கிடையாது. வீடு ஒதுக்கும் குலுக்கலில் என் பெயர் விழுந்தது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும்.

பாடம் நடத்தியே ஆகவேண்டும் என்றால் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடு. நான் தடுக்கவில்லை.

சாவி இன்னும் கைக்கு வரவில்லை. ஆவணியில் வந்துவிடும். அதுவரை மாட்டுங்கா அறைதான். கடிதங்களை வழக்கம்போல் அலுவலக முகவரிக்கே எழுது.

கரையில் ஏதோ புதர். பச்சையாக இருக்கிறது.

உன்,
குமரகுருபரன்

◆

சேரன்மகாதேவி
19.7.93

அன்புள்ள அத்தானுக்கு,

காஜா முகைதீனைப் பார்த்தேன். மாட்டுங்கா அறையில் உங்களோடு நாலு வருடம் இருந்தாரே, அவர்தான். தங்கை கல்யாணத்துக்காக மேலப்பாளையம் வந்திருக்கிறார். பாளையங்கோட்டை பஸ் நிலையத்தில் அவரே அடையாளம் கண்டு வந்தார். கூட அவர் அம்மா ஆசியா உம்மாள்.

நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணாச்சி சொகமா இருக்காவளா மதினி?"

"உங்களுக்குத் தெரியாததா? ஒரே அறையிலதான இருக்கிய."

"எங்கன? ஜனவரில பெட்டியத் தூக்கிட்டு வாஷிக்குப் போன மனுசன். பெறகு மாட்டுங்கா பக்கமே தல காட்டலியே."

அவர் தப்பாக ஏதோ சொல்லிவிட்டது போல் அம்மாவைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "பால் காய்ச்சியாச்சா மதினி? காய்ச்சாத வீட்ல ஆளு தங்கப்படாதுன்னு அண்ணாச்சி சொன்னாவ. ஒங்க மொறையில அப்படியாம்லா."

"யார்ட்ட சொன்னாவ?"

"எங்கிட்டத்தான்."

அதற்குள் மேலப்பாளையம் பஸ் வந்துவிட்டது. ஆசியா உம்மாள் மட்டும் ஏறும்போது என் கையைப் பிடித்து, "ஒண்ணும் மனசுல வைக்காத தாயி" என்றார்கள். எதை என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு கேள்விகள். நீங்கள் எப்போதிலிருந்து அங்கே இருக்கிறீர்கள்? காஜாவிடம் அதை எதற்காகச் சொன்னீர்கள்?

சித்ரா

◆

பம்பாய்
30.7.93

சித்ராவுக்கு,

ஜனவரி பத்தாம் தேதியிலிருந்து. சாவி டிசம்பரிலேயே கிடைத்துவிட்டது. நாள் பார்த்து, நீயும் அப்பா அம்மாவும் வந்து, முறையாகக் குடிபோக வேண்டும் என்று பூட்டி வைத்திருந்தேன். ஜனவரியில் ஊர் எப்படி இருந்தது என்று நீ பேப்பரில் படித்திருப்பாய். படித்தது போதும். நான் எழுதமாட்டேன். மாட்டுங்காவில் இருக்க முடியவில்லை. போய்விட்டேன்.

அப்பாவிடம் சொல்லாதே. பால் காய்ச்சாத வீட்டில் மகன் படுத்து எழுந்திருக்கிறான் என்று தெரிந்தால் அவர் தாங்கமாட்டார்.

ஆனால் ஒன்று. அடுப்பை நான் பற்றவைக்கவில்லை. இதை நீ நம்ப வேண்டும். சிலிண்டர், அடுப்பு எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். காலையில் ஸ்டேஷன் டீ. மத்தியானம் அலுவலகத்தில். சாயந்திரம் ரொட்டியும் பழமும். ஏழு மாதமாக அப்படித்தான். காய்ச்சல் வந்தபோது வெந்நீர் வைக்கக்கூட அதைத் தொடவில்லை. முதல் நெருப்பு உன் கையால், முதலில் பொங்குவது பாலாக. அந்த ஒன்றையாவது சரியாக வைத்திருக்கிறேன்.

காஜா ஏதாவது சொல்லுவான். அதை விடு.

செப்டம்பரில் ஒரு வாரம் விடுப்பு எடுத்து வந்து பார். வீட்டைப் பார்த்தால் உன் யோசனை எல்லாம் போய்விடும்.

குமரகுருபரன்

◆

சேரன்மகாதேவி
1.10.93

அன்புள்ள அத்தானுக்கு,

வந்து சேர்ந்து ஐந்து நாள் ஆகிறது. எழுத உட்கார்ந்து எழுந்தது மூன்று முறை.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஊர் எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காது என்றுதான் நினைத்து வந்தேன். நீங்கள் ரயிலுக்குப் போனதும் கீழே இறங்கிக் கரை வரை நடப்பேன். நீங்கள் எழுதிய புதர், வெண்கண்டல்; அலையாத்தியில் ஒரு வகை. சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை அதன் வேர்கள். மூச்சுவிட வெளியே வருபவை. பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்டியிருக்கிறேன், புன்னைக்காயலில் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு காடே நிற்கிறது. சதுர்த்திக்கு மறுநாள் அந்த வேர்களுக்கிடையே பாதி கரைந்த பிள்ளையார்கள். தண்ணீர் இறங்கியதும் நாற்றம். அதுவும் பழகிவிடும் என்று தோன்றியது. பக்கத்து வீட்டு மராத்தி அம்மா எனக்குப் புரியாது என்று தெரிந்தே என்னிடம் அரைமணி நேரம் பேசினாள்.

அந்தத் தண்ணீரைப் பார்த்த ஜன்னல் முழுக்க நீங்கள் செய்தித்தாள் ஒட்டியிருக்கிறீர்கள். வெயில் என்றீர்கள். மேற்கு வெயில் மாலையில்தான் வரும். நீங்கள் வீடு திரும்பும்போது அது போய்விட்டிருக்கும். அந்த ஜன்னலுக்கு எதிரே, தண்ணீருக்கு அந்தப் பக்கம், பம்பாய்.

ஞாயிறு மத்தியானம் நீங்கள் சொன்னதைத் திரும்ப எழுதுகிறேன். சரியா என்று பாருங்கள்.

ஜனவரி எட்டாம் தேதி, ஊரில் கலவரம் நடக்கும்போது, காஜா உங்களிடம் தங்க இடம் கேட்டார். "பூட்டிக் கெடக்க வீடுதான அண்ணாச்சி. நாலு நாளு." நீங்கள் சொன்னீர்கள்: "பால் காய்ச்சலியே வே. ஆளு தங்கப்படாது." காஜா சரி என்றார். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் முறையை மதித்தார். மறுநாள் நீங்கள் மாட்டுங்கா அறையை விட்டுக் கீழே இறங்கவில்லை. மாடியிலிருந்து தெருவைப் பார்த்தீர்கள். பத்தாம் தேதி நீங்களே அந்த வீட்டுக்குப் போனீர்கள். தனியாக. காஜாவும் உங்கள் பெட்டியில் ஒரு கை பிடித்து ஸ்டேஷன் வரை வந்தார்.

ரயில் கடற்கழிப் பாலத்தின் மேல் போகும்போது திரும்பிப் பார்த்ததாகச் சொன்னீர்கள். புகை.

உங்களைக் குறை சொல்லவில்லை. ஒரு முஸ்லிமை உள்ளே வைத்திருக்கிறான் என்று அந்தப் புது ஊரில் யாராவது பார்த்திருந்தால்? அந்த நேரத்தில் நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. பயம் என்று சொல்லியிருந்தால் அது பயம். அவ்வளவுதான். நீங்கள் பயத்துக்கு முறை என்று பெயர் வைத்தீர்கள். பிறகு ஒன்பது மாதமாக அந்த முறையை விடாமல் காக்கிறீர்கள். நான் அங்கே இருந்த ஒரு வாரமும் நாம் ஸ்டேஷன் கடையில் சாப்பிட்டோம். "இப்பவே பத்தவச்சிருவோமா?" என்று நான் கேட்டபோது, "புரட்டாசி. கூடாது" என்று கிட்டத்தட்டக் கத்தினீர்கள்.

ஐப்பசியில் பால் காய்ச்ச நாள் பாருங்கள். நான் வருகிறேன். காஜாவை நீங்கள் அழைக்க வேண்டும். கடிதம் போட்டோ நேரில் போயோ, நீங்களே. அவர் வந்து உட்கார்ந்து ஒரு தம்ளர் வாங்கிக் குடிக்க வேண்டும். அதற்குப் பிறகு கல்லூரியைப் பற்றி நான் பேசமாட்டேன். அந்தக் கடிதத்தில் தேதியை நானே போடுவேன். இதை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஆசியா உம்மாள் மகனுக்குக் கொடுத்தனுப்பிய பொட்டலத்தைச் சேர்த்துவிட்டேன்.

சித்ரா

◆

பம்பாய்
9.10.93

சித்ராவுக்கு,

அந்த விஷயத்தை இனி எழுதாதே. உன்னிடம் சொன்னது என் தவறு.

ஐப்பசி பன்னிரண்டு, வியாழக்கிழமை, அக்டோபர் 28. அப்பா நாள் குறித்துவிட்டார். அலுவலகத்திலிருந்து மேனேஜரும் ஐந்தாறு பேரும் குடும்பத்தோடு வருகிறார்கள். அவர்களுக்கு நடுவில் காஜாவை உட்காரவைத்து நான் என்ன சொல்லி அறிமுகப்படுத்துவது? அவனுக்கும் கஷ்டம். அவன் மறந்துவிட்டான். நீதான் கிளறுகிறாய்.

உன் கடிதத்தில் அப்பா தேதி போட்டுவிட்டார். நான்தான் போடச் சொல்லி எழுதினேன். இந்த வாரம் கல்லூரியில் கொடுத்துவிடுவார். இப்படியே விட்டால் நீ ஒவ்வொரு நிபந்தனையாக எழுதிக்கொண்டிருப்பாய். ஒருவர் முடிவெடுக்க வேண்டும்.

உனக்கும் அப்பா அம்மாவுக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. 25ஆம் தேதி கிளம்ப வேண்டும். சாமான் அதிகம் வேண்டாம். பால் காய்ச்ச வெண்கலப் பானை அம்மா கொண்டுவருகிறாள்.

தனியாக இருந்து பார்த்தால் உனக்குத் தெரியும் சித்ரா. வந்துவிடு.

குமரகுருபரன்

◆

சேரன்மகாதேவி
20.10.93

அன்புள்ள அத்தானுக்கு,

திங்கட்கிழமை முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசைமேல் என் கடிதம். இரண்டு வருடத்துக்கு முன் இருந்த என் கையெழுத்து. தேதி மட்டும் நீல மையில், மாமாவின் எழுத்து.

"பம்பாய்ல தண்ணியப் பார்த்த வீடாமே? ஒங்க மாமனார் சொன்னாங்க" என்றார் முதல்வர். "கையெழுத்து உன்னுதுதானேம்மா?"

"ஆமா மேடம்."

"அப்ப வாழ்த்துகள்."

"தேதி என்னுது இல்ல மேடம்."

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். மாமா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகவும், கூப்பிடட்டுமா என்றும் கேட்டார். கூப்பிடச் சொன்னேன்.

மாமா உள்ளே வந்து நின்றுகொண்டே, "எதுனாலும் வீட்ல போயிப் பேசுவோம்ளா. இங்கன வச்சு என்ன பேச்சு?" என்றார்கள். சத்தம் போடவில்லை. எனக்கும் கஷ்டமாக இருந்தது. சட்டைப் பையில் மூன்று டிக்கெட்டுகள் தெரிந்தன.

"தாம்பூலத் தட்டுல வச்சுத் தந்த வாக்குளா அது."

"வச்சது நான்தான் மாமா. எடுக்கதும் நான்தான்."

"குமருகிட்ட என்ன சொல்ல?"

"நானே எழுதுதேன்."

மாமா முதல்வரைப் பார்த்து, "இந்தக் காலத்துப் பிள்ளைய. நாம பைய நவுந்துக்கிடணும்" என்று சிரிக்கப் பார்த்தார்கள். முதல்வர் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று நாலு வரி எழுதிக் கொடுத்தேன். எழுத்து நன்றாக வரவில்லை.

இனி உங்களுக்குச் சொல்லவேண்டியது.

செப்டம்பர் 21, செவ்வாய்க்கிழமை. நீங்கள் அலுவலகத்தில். மூன்றரை மணிக்குக் காஜா வந்தார். தன் அம்மா கொடுத்தனுப்பிய பொட்டலத்தை வாங்க. கொடுத்தேன். வாசலிலேயே நின்று பிரித்து, ஒரு பணியாரத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். உள்ளே வாருங்கள் என்றேன்.

"இருக்கட்டும் மதினி. இன்னும் பால் காய்ச்சலியே."

கேலி இல்லை. அதுதான் என்னால் தாங்கமுடியவில்லை. நிஜமாகவே நம்முடைய முறைக்காக ஒதுங்கி நின்றார். செருப்புக்கூட வாசற்படியிலிருந்து ஒரு முழம் தள்ளி.

இருங்கள் என்று சொல்லிவிட்டுக் கீழே கடைக்கு ஓடினேன். ஒரு பாக்கெட் பால். உங்கள் புது அடுப்பில், சிலிண்டரின் சீல் உடைத்து, நீங்கள் பல் தேய்க்கத் தண்ணீர் எடுக்கிற அலுமினியப் பாத்திரத்தைக் கழுவி வைத்தேன். விளக்கு இல்லை. கோலம் இல்லை. புரட்டாசி, செவ்வாய், ராகு காலம். பால் பொங்கி அடுப்பு அணைந்துபோனது. மறுபடி பற்றவைத்தேன். சர்க்கரையும் இல்லை. சர்க்கரை இல்லாத பாலைக் காஜா உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்து, ஊதி ஊதிக் குடித்தார்.

அப்போது சொன்னார். நீங்கள் போனபின் முதலாளியின் கிடங்கில் ஒன்பது நாள் ஒளிந்திருந்தாராம், மிளகாய் வற்றல் மூட்டைகளுக்கு நடுவில். "தும்மல் வந்தா துண்ட வாயில வச்சு அமுக்கிக்கிடணும் மதினி. ஒரு நாளைக்கு எத்தன தும்மலு வரும்னு அப்பத்தான் தெரிஞ்சுது." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு, "அண்ணாச்சி மேல ஒண்ணும் இல்ல. அவுக கண்ணுல இருந்த பயத்த நான் பார்த்தேம்லா" என்றார். அவருக்குத் தெரியும், அத்தான். அன்றே தெரியும். தெரிந்துதான் சரி என்றிருக்கிறார்.

பாத்திரத்தைக் கழுவி இருந்த இடத்தில் வைத்தேன். நீங்கள் கவனிக்கவில்லை.

காஜாவை நீங்கள் அழைத்திருந்தால் இதை என்றைக்கும் சொல்லியிருக்கமாட்டேன். இருபத்தெட்டாம் தேதி பொங்குவதுதான் முதல் பால் என்று உங்களோடு சேர்ந்து நானும் இருந்திருப்பேன். அந்தப் பொய்யைச் சுமக்க எனக்கு மனம் இருந்தது. உங்கள் கடிதம் வந்தபின் இல்லை.

தனியாக இருப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைப் பலமுறை வாசித்தேன். அந்த வரியை மட்டும் எழுதி அனுப்பியிருந்தால் ரயிலேறியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்கு மேலே, மாமாவைப் போடச் சொன்ன தேதி இருந்தது.

அந்த வீட்டில் பால் காய்ச்சியாயிற்று. மேனேஜரை அழைப்பதும் அழைக்காததும் உங்கள் விருப்பம். ஆனால் இனி நீங்கள் காத்திருக்க ஒன்றும் இல்லை. அரிசி வாங்குங்கள். சமைத்துச் சாப்பிடுங்கள். இந்த ஒன்பது மாதத்தில் மிகவும் மெலிந்துவிட்டீர்கள்.

நான் இந்த ஐப்பசியில் வரவில்லை. பிறகு வருவேனா என்று இன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

மாமா என் டிக்கெட்டை நீட்டினார்கள். வாங்கிக்கொள்ளவில்லை. அவர்களைப் பஸ் நிறுத்தம் வரை கூட்டிப்போய், டவுன் பஸ்ஸில் உட்கார இடம் பிடித்துக் கொடுத்தேன். பிறகு திரும்பி வந்து, இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்குப் பிற்பகல் செய்முறை வகுப்பு எடுத்தேன்.

சித்ரலேகா